இரவல் சோபா

மாலதிக்கும் சுரேஷுக்கும் அப்பா எழுதுவது.

போன வாரம் கைப்பேசியில் நம் குடும்பக் குழுவுக்குள் நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையை முழுக்கப் படித்தேன். பதில் எழுதவில்லை. கட்டைவிரலால் எழுத எனக்குப் பொறுமை இல்லை. அம்மா வேறு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க நடுவுல போகாதீங்க, ரெண்டும் சேந்து உங்க மேல பாயும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால்தான் இப்படித் தாளில் எழுதுகிறேன்.

சண்டை ஊர் முழுக்க நடக்கிற சண்டைதான். வயதானவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்கிற சலுகைகளை எல்லாருக்கும் கொடுப்பதா, வருமானத்தைப் பார்த்து இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுப்பதா என்று மேலே பேசுகிறார்கள். கீழே ஜெலுத்தோங் பாசாரில் மீன் வாங்கும்போதும் அதையே பேசுகிறார்கள். மாலதி, நீ எழுதியிருந்தாய்: "வயசானா எல்லாருக்கும் குடுக்கணும். தள்ளாத காலத்துல கூப்பிட்டு வச்சு, உன்கிட்ட இருக்கா இல்லையான்னு விசாரிக்கிறதா?" சுரேஷ் அதற்கு எழுதினான்: "இருக்கிறவன் கட்டட்டும் லா. சம்பாதிக்கிற பிள்ள இருந்தா பிள்ள கட்டணும். அது கவர்மெண்ட் வேலையா?" கடைசியில் மாலதி, "அப்பாவ கேளு. வீடு வீடா போய்ப் பாத்தவரு அவருதான்" என்று முடித்தாய்.

ஒரு திருத்தம். பார்த்தவன் நான் இல்லை. பார்த்தவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். ஆனாலும் கூடப் போனவனுக்கும் கண் இருக்கிறதே. அதனால் ஒரு சங்கதி சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நான் என்ன வேலை செய்தேன் என்று உங்களுக்கு இதுவரை ஒழுங்காகச் சொன்னதும் இல்லை.

என் படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. ரொட்டி வேன் ஓட்டினேன், பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன், பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் டிரைவர் வேலை கிடைத்தது. முதலில் சலவைத் துணி, மருந்துப் பெட்டி என்று ஏற்றி இறக்கினேன். அப்புறம் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு வாங்குவது கொஞ்சம்தான். ஆனால் செயற்கைக் கால், முட்டிக்குள் வைக்கிற உலோகம் மாதிரி சாமான்களுக்குப் பெரும்பாலும் நோயாளிதான் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, உண்மையிலேயே முடியாது என்றால் உதவி கேட்டு எழுதுவது அந்தப் பிரிவின் வேலை.

அங்கே எனக்கு மேலதிகாரி புவான் ரோஹானா. புவான் என்பது மலாயில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். கெலுகோரில் பிறந்து வளர்ந்த மலாய்க்காரப் பெண்மணி. ஒல்லியாக இருப்பார், மெதுவாகப் பேசுவார். என்னை 'அபாங்' என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் என்று அர்த்தம். அவர் மலாயில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

புவானோடு வேனில் போன முதல் நாளே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. அரசாங்கச் சின்னம் போட்ட வேனை நேராக அடுக்குமாடி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"அபாங், திருப்புங்க. அந்தக் கடை வரிசைக்குப் பின்னால போடுங்க."

"வெயிலா இருக்கே புவான். நடக்கணுமே."

"நமக்கு வெயில் கொஞ்ச நேரம்தான். இந்த வேன் இங்க நின்னா, அவங்க வீட்டுக்கு எதுக்கு வந்துச்சுன்னு இந்த பிளாக் முழுக்க வருஷக் கணக்கா பேசும்."

அன்றிலிருந்து வேன் எப்போதும் தள்ளித்தான் நிற்கும். தாள்களை அவர் கோப்பில் கொண்டுபோக மாட்டார். பாசாருக்குப் போகிற பிரம்புக் கூடையில் போட்டு, மேலே ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்கள் யாரோ சொந்தக்காரி போகிறாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் போனால் எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்காருவார். கொடுத்ததை மிச்சம் வைக்காமல் குடிப்பார். சுற்றிச் சுற்றிப் பார்க்க மாட்டார். வீட்டுக்குள் பேனாவை வெளியே எடுக்கவே மாட்டார். எழுதுவதெல்லாம் வேனுக்குத் திரும்பிய பிறகு, மடியில் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் தாளை வைத்துத்தான்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதும் கிடையாது. "திடீர்னு போறது திருடனப் பிடிக்கிறதுக்கு" என்பார். முன்கூட்டியே நாள் சொல்லிவிட்டுத்தான் போவோம்.

தமிழ் மட்டும் பேசுகிறவர்கள் வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பு. அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். "அவர் சொல்றாரு, இவர் சொல்றாருன்னு எனக்குச் சொல்லாதீங்க. அவங்க 'எனக்கு'ன்னா நீங்களும் 'எனக்கு'ன்னு சொல்லுங்க. கூட்டாதீங்க, குறைக்காதீங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு வேன்ல சொல்லலாம்." ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. எத்தனையோ பேருடைய சீக்கும் கவலையும் 'எனக்கு, என்னுடைய' என்று என் வாயால் வந்திருக்கிறது. சில நாள் வீட்டுக்கு வந்தால் பேசவே தோன்றாது. "அப்பா வேலையில யாருகிட்டயோ ஏச்சு வாங்கிட்டாரு" என்று நீங்கள் இரண்டு பேரும் குசுகுசுத்தது எனக்குக் கேட்டிருக்கிறது.

ஏமாற்றுகிறவர்களும் இருந்தார்கள், சுரேஷ். அதை மறைக்கவில்லை. பெரிய காரைப் பக்கத்துத் தொழுகை இடமான சூராவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, கிழிந்த பனியனோடு வந்து கதவு திறந்த ஒரு மனிதரைப் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டிலும் கொடுத்த தண்ணீரைப் புவான் குடித்தார், நன்றி சொன்னார், வேனுக்கு வந்து உதவி தேவையில்லை என்று எழுதினார். அவ்வளவுதான். அந்த மாதிரி ஆட்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு மாதிரி ஆட்களிடம் வந்தது.

கருப்பையா ஐயா அந்த மாதிரி ஆள். துறைமுகத்தில் கான்டிராக்டர்களிடம் மூட்டை தூக்கியே காலத்தை ஓட்டியவர். அதனால் பென்ஷன் என்று ஒன்றும் இல்லை. இனிப்பு நீர் வியாதியில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. செயற்கைக் கால் போட்டால் நடக்கலாம் என்று டாக்டர் எங்கள் பிரிவுக்கு எழுதி அனுப்பினார்.

வீடு ஜெலுத்தோங்கில் பழைய அடுக்குமாடி. அந்தக் காலத்து லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. அவர் இருந்த மாடிக்கு, மேலே ஒரு மாடி போய் இறங்கி, படியில் கீழே வர வேண்டும். ஒற்றைக் காலோடு ஒரு மனிதன் அங்கே இருந்தால் இருந்ததுதான். வெளியே போவது என்ற பேச்சே கிடையாது.

அவர் மனைவி அஞ்சலையம்மா கதவு திறந்தார். "வாங்கம்மா, வாங்க. வீடு அலங்கோலமா கெடக்குது, தப்பா நெனச்சுக்காதீங்க."

வீடு பளபளவென்று இருந்தது. நடுக்கூடத்தில் ஒரு பெரிய பழுப்பு சோபா. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அது அடைத்துக்கொண்டதில் படுக்கையறைக் கதவு பாதிதான் திறந்தது. எதிரே பெரிய டிவி. மேசையில் கேக், பிஸ்கட், கண்ணாடிக் குவளையில் ரோஸ் சிரப். சக்கர நாற்காலியில் கருப்பையா ஐயா வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி வைத்து, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற மாதிரி கையெடுத்துக் கும்பிட்டார்.

புவான் சோபாவில் உட்கார்ந்தார். முதலில் அஞ்சலையம்மாவின் பெயர் கேட்டார், சொந்த ஊர் கேட்டார். பிறகு, "பிள்ளைங்க எத்தன, பாக்சிக்?" என்றார். மலாயில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒரே மகன்மா. செல்வம். ஜொகூர்ல பெரிய கம்பெனி. மாசம் தவறாம அனுப்பிடுவான். இந்த சோபா, டிவி எல்லாம் அவன் வாங்கிக் குடுத்ததுதான்."

"என் மகன் மாதம் தவறாமல் அனுப்புகிறான்" என்று மலாயில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அப்போ காலுக்கு?"

"அதையும் அவன் பாத்துக்குவான். டாக்டர்தான் உங்களுக்கு எழுதிட்டாரு. நானா கேக்கலம்மா."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கழிவறைக்குப் போக வேண்டும். அஞ்சலையம்மா குனிந்து தோளைக் கொடுத்தார். அந்தத் தோளில் வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி மூன்று நான்கு தெரிந்தது. சின்ன உருவம். அவர் மேல் அந்த ஆறடி மனிதர் சாய்ந்தபோது அந்தம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் உதவ எழுந்தேன். கருப்பையா ஐயா முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது அதுதான். கழிவறைக்குத் தானாகப் போய்வர ஒரு கால்.

விடைபெற்று வெளியே வந்தோம். எதிர் வீட்டுக் கம்பிக் கதவு வழியாக ஒரு சீன ஆண்ட்டி தெரிந்தார். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கூடத்தில் ஒரு சாமான் இல்லை. புவான் அவருக்குத் தலையசைத்துவிட்டு நடந்தார்.

வேனில் ஏறியதும் என்னால் அடக்க முடியவில்லை. "புவான், அந்த சோபா..."

"தெரியும். பாவம், அந்த ஆண்ட்டிக்கு முதுகு வலிச்சிருக்கும்."

"அப்போ எழுதிடுங்க புவான். பொய் சொல்றாரு, வீட்டுல ஒன்னும் இல்ல, மகன் ஒன்னும் அனுப்பலன்னு."

அவர் கூடையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார், ஆனால் எழுதவில்லை. "அபாங், அவர் வாயால வந்ததத்தான் நான் எழுத முடியும். 'இவர் பொய்யர், இவர் மகன் கைவிட்டவன்'னு நான் எழுதிட்டா, அது ஆஸ்பத்திரியில அப்படியே இருக்கும். மகனப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. நம் ஆட்கள் வீட்டில் கஞ்சி குடித்தாலும், வெளி ஆள் வந்து கேட்டால் 'என் பிள்ள என்னை ராஜா மாதிரி வச்சிருக்கான்' என்றுதான் சொல்வார்கள். அரிசி இல்லை என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். பிள்ளை பார்க்கவில்லை என்று சொல்ல நாக்கு புரளாது. அதைச் சொல்லிவிட்டால் பசியை விடப் பெரிய குறை வந்துவிட்ட மாதிரி.

அடுத்த படி, பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிப்பது. கடிதம் போய், ஒரு காலையில் செல்வம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நீல நிற முழுக்கைச் சட்டை. காலர் விறைப்பாக, தேய்த்த மடிப்பு கலையாமல். ஆனால் கை நீளம் அதிகம். மணிக்கட்டைத் தாண்டி விரல் வரைக்கும் வந்தது. அவருக்குத் தைத்த சட்டை இல்லை.

மலாய் நன்றாகப் பேசினார், என் வேலை அங்கே தேவைப்படவில்லை. "அப்பாவ நான்தான் பாத்துக்கிறேன், புவான். மாசா மாசம் அனுப்புறேன். வெளி உதவி வேணாம்." சம்பளச் சீட்டு கேட்டதற்கு, "ஆபீஸ்ல இருக்கு, அனுப்பி வைக்கிறேன்" என்றார். புவான் மேலே ஒன்றும் கேட்காமல் எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நடைபாதையில் செல்வம் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "அண்ணே, நீங்கதான வீட்டுக்குப் போனது? அப்பா எப்படிண்ணே இருக்காரு?"

"நல்லாருக்காரு தம்பி. இந்தா ஜெலுத்தோங், பஸ் பிடிச்சா உடனே போயிடலாம். நேர்லயே போய்ப் பாருங்களேன்."

அவர் சட்டைக் கையை இழுத்து மேலே விட்டார். அது மறுபடி இறங்கியது. "கையில ஒன்னும் இல்லாம எப்படிண்ணே போறது?"

போய்விட்டார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவர், அப்பாவைப் பார்க்காமலே அடுத்த பஸ்ஸில் ஜொகூருக்குத் திரும்பிவிட்டார்.

"கடைசியா என்ன சொன்னார்?" என்று புவான் கேட்டார். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன். "கையில் ஒன்றும் இல்லாமல் நான் எப்படிப் போவது?" புவான் என்னையே பார்த்தார், என் அப்பாவை நானே பார்க்காமல் திரும்பி வந்துவிட்ட மாதிரி.

சம்பளச் சீட்டு வரவில்லை. அப்பா 'மகன் தருகிறான்' என்கிறார், மகன் 'நான் தருகிறேன்' என்கிறார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால் அதற்கு மேல் ஆபீசுக்கு என்ன வழி? உதவி தேவையில்லை என்று எழுதி மூட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, கருப்பையா ஐயாவை வீட்டில் போய்ப் பார்த்த உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஃபோன். எந்நேரமும் நாற்காலியில் முட்டியை மடக்கியே உட்கார்ந்திருப்பதால் முட்டி விறைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் விட்டால் மூட்டு நீளாது, அப்புறம் கால் செய்து கொடுத்தாலும் மாட்ட முடியாது என்றார்கள்.

புவான் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு, செல்வத்துக்கு ஃபோன் போட்டு என் கையில் கொடுத்தார். "மலாய்ல கேட்டா எனக்குப் பதில் சொல்வார். தமிழ்ல கேட்டா உங்களுக்குச் சொல்வார். கேளுங்க."

கேட்டேன். இந்த முறை மறைக்கவில்லை. கம்பெனி மூடிவிட்டார்கள். கார் கழுவுகிற இடத்தில் வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகள். வாடகை வீடு. அப்பாவுக்குத் தெரியாது. புவான் கேட்கச் சொன்னதைக் கடைசியில் கேட்டேன். "தம்பி, நீங்க ஆபீசுக்கு வந்தத, வந்து பேசினத, இப்ப சொன்னத எல்லாம் அப்பாகிட்ட சொல்லலாமா?"

அந்தப் பக்கம் தண்ணீர் பீச்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்கண்ணே. வந்தேன்னு சொல்லுங்க. மத்ததையும் சொல்லுங்க." பிறகு, "சட்டை நல்லா போட்டிருந்தேன்னும் சொல்லுங்க" என்றார்.

மறுபடியும் நாள் சொல்லிவிட்டுப் போனோம். அஞ்சலையம்மா கதவைத் திறந்தார். உள்ளே கால் வைத்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

சோபா பச்சையாக இருந்தது.

சீனப் பெருநாள் நெருங்கியிருந்தது. எதிர் வீட்டு ஆண்ட்டிக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், அவருடைய சோபா அவருக்கே வேண்டியிருக்கிறது. கீழ் மாடி மைமூன் அக்கா வீட்டுப் பிள்ளைகள் தங்கள் சோபாவைப் படிவழியாகத் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சிரித்துவிடக் கூடாது என்பதுதான்.

புவான் முகம் மாறவில்லை. பச்சை சோபாவில் போய் உட்கார்ந்தார். கையால் ஒரு தட்டு தட்டினார். "இது இன்னும் மெத்துன்னு இருக்கே."

"மகன் மாத்திட்டாம்மா" என்றார் அஞ்சலையம்மா, யார் முகத்தையும் பார்க்காமல். கருப்பையா ஐயா மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "போ, போய் தேத்தண்ணி கொண்டா."

புவான் தேநீர் வரும் வரை காத்திருந்தார். பாதி குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "பாக்சிக், உங்க மகன் என் ஆபீசுக்கு வந்திருந்தார்."

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தானா? ஜொகூர்லேர்ந்தா?"

"ஆமா ஐயா. நீங்க சம்பந்தப்பட்ட விஷயம்னு கடுதாசி போச்சு. உடனே பஸ் ஏறி வந்துட்டாரு."

அதற்கப்புறம் அவர் புவானைப் பார்க்கவே இல்லை. கேள்வி எல்லாம் என்னிடம்தான். "மெலிஞ்சிருந்தானா? சாப்பிட்டானா? நீங்க ஏதாச்சும் வாங்கிக் குடுத்தீங்களா?"

நான் புவானைப் பார்த்தேன். "நீங்களே சொல்லுங்க, அபாங்" என்றார்.

"கொஞ்சம் மெலிஞ்சுதான் இருந்தாருங்கய்யா. ஆனா சட்டை நல்லா போட்டிருந்தாரு."

"என்னா கலரு?"

"நீலம்."

அடுப்படி வாசலில் நின்ற அஞ்சலையம்மா, "நீலம் அவனுக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

"என்னா சொன்னான்?" என்று கேட்டார் பெரியவர். குரல் இறங்கியிருந்தது. மகன் தன்னைப் பற்றி ஓர் ஆபீசில் என்ன சொல்லியிருப்பான் என்ற பயம் அதில் தெரிந்தது.

"நீங்க சொன்னதேதான் ஐயா. அப்பாவ நான்தான் பாத்துக்கிறேன், மாசா மாசம் அனுப்புறேன், வெளி உதவி வேணாம்னு."

பெரியவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "திருட்டுப் பய! பாத்தியா அஞ்சல, அப்பன மாதிரியே வாய் கூசாம பொய் சொல்லியிருக்கான்!" சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

கம்பெனி மூடினது, கார் கழுவுகிற வேலை, பிள்ளைகள் எல்லாம் சொன்னேன். நடைபாதையிலும் ஃபோனிலும் அவர் சொன்ன சொல் மாறாமல் சொன்னேன். 'கையில் ஒன்றும் இல்லாமல்' என்ற இடம் வந்தபோது, பெரியவர் போதும் என்று கையைக் காட்டினார்.

புவான் ஒன்றும் கேட்கவில்லை. தேநீரின் மிச்சத்தைக் குடித்தார். நேரம் போகட்டும் என்று இருந்தார். அவரிடம் நான் பார்த்த பெரிய வித்தை அதுதான். கேட்காமல் உட்கார்ந்திருப்பது.

கருப்பையா ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டார். "எழுதிக்கம்மா" என்றார். "என் மகன்கிட்ட இல்ல. இருந்தா குடுத்திருப்பான்."

நான் அதை மலாயில் சொன்னேன். என் மகனிடம் இல்லை. இருந்தால் கொடுத்திருப்பான். எத்தனையோ வருடம் எத்தனையோ பேருக்காகப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னபோது என் சொந்த மகன்தான் நினைவில் வந்தான். நீ அப்போது ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாய், சுரேஷ்.

வேனில் புவான் அந்த இரண்டு வரியையும் அப்படியே எழுதினார். எனக்குப் படித்தும் காட்டினார். மேலே இருப்பவர்களுக்கு அது போதுமா என்று கேட்டேன். "போகப் போகப் பாப்போம். ஆனா அவர் பேரன் என்னைக்காவது இதப் படிச்சா, தலை குனிய வேண்டியதில்ல" என்றார்.

போதுமானதாகத்தான் இருந்தது. கையெழுத்து வந்தது, அளவு எடுத்தார்கள், முட்டியை நீட்டப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து, கால் ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை போனோம். கதவைத் தட்டினோம். உள்ளே 'டக், டக்' என்று நிதானமாக ஒரு சத்தம் நெருங்கி வந்தது. கதவைத் திறந்தது கருப்பையா ஐயா. நின்றுகொண்டிருந்தார். கால்சட்டை போட்டிருந்தார். அவ்வளவு உயரமான மனிதர் என்பது அப்போதுதான் சரியாகத் தெரிந்தது.

கூடத்தில் சோபா இல்லை, டிவி இல்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாய். படுக்கையறைக் கதவு முழுக்கத் திறந்திருந்தது.

"இதுதாம்மா எங்க நாற்காலி. உக்காருங்க."

புவான் உட்கார்ந்தார். "பழுப்பும் எனக்குப் பிடிக்கல, பச்சையும் பிடிக்கல, பாக்சிக். இது நல்லாருக்கு" என்றார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அஞ்சலையம்மா சிரித்துவிட்டார். அந்த மலாய் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

இனி, நீங்கள் கேட்டதற்கு என் பதில். எல்லாருக்கும் கொடுப்பதா, இல்லாதவர்களுக்கு மட்டுமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. இருக்கிறவர் கட்டட்டும் என்று சுரேஷ் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காரை ஒளித்த ஆளை நானே பார்த்தேன். ஆனால் விசாரிக்கிறதா என்று மாலதி பதறியதும் நியாயம்தான். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். இருக்கிறதை இல்லை என்று சொல்கிறவர்களுக்காகத்தான் சட்டம் போடுகிறார்கள். இல்லாததை இருக்கிறது என்று சொல்கிற ஆட்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் போய் உட்கார ஒரு புவான் ரோஹானா வேண்டும். அதற்கு ஆள் போடுவார்களா என்று அந்த விவாதத்தில் யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு. போன வாரம், உங்கள் சண்டைக்கு மறுநாள், நம் பிளாக் கீழே உள்ள மண்டபத்தில் வயதானவர்களின் நிலைமையைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல பெண், நம் தமிழ்ப் பெண்தான். "அங்கள், பிள்ளைங்க மாசா மாசம் ஏதாச்சும் குடுக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. "என் மகன் கேக்காமலே குடுத்துடுவான்மா. கே.எல். பட்டணத்துல பெரிய வேலை" என்று வாய் சொல்லிவிட்டது. பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

சுரேஷ், உங்கள் பிரிவை மூடிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். உன்னோடு வேலை பார்த்த பையனின் அப்பாவைப் பாசாரில் பார்த்தேன். அவர் நீயும் சொல்லியிருப்பாய் என்று நினைத்துப் பேசிவிட்டார். நீ போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை நாளில், பஸ்ஸில், ஆபீஸ் சட்டையோடு வந்தாய். கார் பட்டறையில் என்றாய். மடிப்புக் கலையாத அந்தச் சட்டையைப் பார்த்தபோதே எனக்கு ஆஸ்பத்திரி நடைபாதை ஞாபகம் வந்துவிட்டது. சம்பாதிக்கிற பிள்ளை கட்டணும் என்று அவ்வளவு கோபமாக எழுதியது உன் அக்காவிடம் இல்லை, உன்னிடமே என்றும் புரிந்தது.

மாலதி, இதைப் படித்துவிட்டு உடனே அவனுக்கு ஃபோன் போட்டுக் கத்தாதே.

நாளைக்குச் சட்டம் எப்படி வந்தாலும், யாராவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நானும் சோபா இரவல் வாங்கிப் போடுகிற ஆள்தான் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதனால் இப்போதே, யாரும் கேட்பதற்கு முன், உங்கள் இரண்டு பேர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அன்று கருப்பையா ஐயாவுக்காகச் சொன்ன சொல்தான். இந்த முறை எனக்காக.

என் மகனிடம் இல்லை. இருந்தால் கொடுத்திருப்பான்.

கையை வீசிக்கொண்டு வா, அய்யா. எந்தச் சட்டையானாலும் சரி. அம்மா உனக்குப் பிடித்த மீன் கறி வைக்கிறேன் என்கிறாள். நம் வீட்டு சோபா பழசுதான், ஒரு பக்கம் அமுங்கும். ஆனால் நம்முடையது.